பேரெண்ணும் பேருழைப்பும்

பெரியோரைப் போற்றுதற்கு வழிகள் இரண்டு உள. அவர் ஆற்றிய செயலை உள்ளவாறு உணர்ந்து போற்றுதல் ஒன்று. அவரைப்பற்றி வழங்கும் கதையைக் கேட்டு வியந்து போற்றுதல் மற்றொன்று. முன்னையது அரிது, ஆயினும் போற்றுவாரையும் உடன் உயர்த்துவது. பின்னையது எளிது, கைதட்டல் ஓய்ந்தவுடன் தானும் ஓய்ந்துவிடுவது. கணித அறிஞர் சீனிவாச இராமாநுஜனாரைத் தமிழ்நாட்டார் போற்றும் முறை பெரும்பாலும் பின்னைய வழியிலேயே செல்கின்றது. அதனால் நம் இளைஞர்க்கு நேரும் இழப்புச் சிறிதன்று. அவ்விழப்பினை எடுத்துக்காட்டி, அதனை நீக்குதற்குரிய வழியொன்றினையும் நம் கல்லூரி அன்பர்கள் முன்னர் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இராமாநுஜனார் பிறந்த நாள். 2012-ஆம் ஆண்டு முதல் அந்நாள் நம் நாட்டில் தேசிய கணித நாளாகக் கொண்டாடப்பெற்று வருகின்றது. அன்று எம் வண்ணாரப்பேட்டையிலேனும், அயலிலுள்ள இராயபுரம், திருவொற்றியூர் முதலிய ஊர்களிலேனும் ஒரு பள்ளியினுள் நுழைவார், அவர் திருவுருவப் படத்திற்கு மாலை சூட்டியிருத்தலையும், மாணவன் ஒருவன் மேடையேறி 1729 என்னும் எண்ணின் கதையைச் சொல்லுதலையும் காண்பர். நோயுற்று இங்கிலாந்தில் பட்னி என்னுமிடத்தில் படுத்திருந்த இராமாநுஜனாரைக் காணப் பேராசிரியர் ஹார்டி வாடகை வண்டியொன்றில் ஏறிச் சென்றார். அவ்வண்டியின் எண் 1729. அது சுவையற்றதோர் எண் என அவர் கூறினார். அங்ஙனமன்று, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என நோயாளர் படுக்கையிலிருந்தவாறே விடை பகர்ந்தார். 1-இன் கனமும் 12-இன் கனமும் கூடின் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் கூடினும் 1729. அவை கைதட்டுகின்றது. கதை முடிகின்றது.

கதை மெய்யே; இனியதும் ஆகும். ஆனால் அதனைக் கேட்டு வீடு செல்லும் சிறுவன் தன் நெஞ்சிற் கொண்டுசெல்வது யாது? "கேட்டவுடன் விடை கூறினார், அவர் பிறவியிலேயே மேதை, நமக்கு அது வாராது" என்பதே. மேதையைக் கொண்டாடும் விழா கணிதத்தினின்றும் சிறுவரை அகற்றும் விழாவாய் முடிதல் வியப்பன்றோ! ஓராண்டன்று, ஈராண்டன்று, பள்ளிப் பருவம் முழுவதும் இக்கதையொன்றையே கேட்டு வளர்ந்த தோழர் பலரை யாம் அறிவோம். அவருட் பலர் இராமாநுஜனாரை வணங்குவர்; கணக்கைக் கண்டால் அஞ்சுவர்.

அக்கதையுள்ளும் சொல்லாது விடப்பெறும் செய்தி ஒன்று உண்டு. 1729-இன் இவ்வியல்பினைப் பிரெஞ்சுக் கணிதர் பிரெனிக்கிள் என்பார் 1657-ஆம் ஆண்டளவிலேயே கண்டிருந்தனர். இராமாநுஜனாரோ அதனைத் தனியோர் எண்ணின் புதுமையாகக் கொண்டு நின்றாரல்லர். இரண்டு கனங்களின் கூட்டு மூன்றாவதொரு கனத்திற்கு ஒன்று கூடியேனும் ஒன்று குறைந்தேனும் நிற்கும் எண்களை முடிவின்றிப் பிறப்பிக்கும் முறையொன்றை அவர் வகுத்தனர். 9, 10 ஆகியவற்றின் கனங்கள் கூடி 12-இன் கனத்தினும் ஒன்று மிகுதல் அவ்வரிசையில் ஒன்று. 135, 138 ஆகியவற்றின் கனங்கள் கூடி 172-இன் கனத்திற்கு ஒன்று குறைதல் மற்றொன்று. இவை அவர் தம் கைப்பட எழுதிய தாள்களிற் காணப்படுகின்றன. அத்தாள்கள் 1976-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணிதரால் கண்டெடுக்கப்பெற்ற தொகுதியைச் சார்ந்தன. மின்னலைப் போல் தோன்றிய விடைக்குப் பின்னே நெடுநாட் பழக்கம் ஒன்று இருந்தது என்பது இதனாற் போதரும். நேரிய முழு எண் ஒவ்வொன்றும் இராமாநுஜனார்க்கு உற்ற நண்பர் என லிட்டில்வுட் என்னும் அறிஞர் கூறினராம். நட்பு என்பது ஒரு நொடியிற் பிறப்பதன்று. கூடிப் பழகி வளர்வது. அப்பழக்கத்தைச் சொல்லாது நட்பினை மட்டும் சொல்லுதல் எவ்வாறு பொருந்தும்?

ஆதலின் 1729-ஐச் சிறிது ஒதுக்கிவைத்து வேறோர் எண்ணை எடுத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகின்றோம். அவ்வெண் 6746328388800. நம் வழக்கில் உரைப்பின், 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. இதனை எந்த வண்டியும் தாங்கி வரவில்லை. எந்தக் கதையும் பாடவில்லை. ஆயினும் இராமாநுஜனாரின் கையுழைப்பிற்கு இதனினும் சிறந்த சான்று வேறு யாம் அறியோம்.

இவ்வெண்ணின் இயல்பை உணர்தற்குப் பெருங்கணிதம் வேண்டுவதில்லை. நன்னூல் பயின்றார் சொற்களைப் பகுபதம் என்றும் பகாப்பதம் என்றும் இருவகையாகப் பிரிப்பர். பகுதி, விகுதி முதலிய உறுப்புகளாகப் பிரிந்து பொருள் தருவது பகுபதம். பிரிப்பின் பொருள் தாராதது பகாப்பதம். எண்களும் இவ்வாறே. 7, 11, 13 முதலியவை தம்மையும் ஒன்றையும் அன்றி வேறு எவ்வெண்ணாலும் மிச்சமின்றி வகுபடா. இவை பகா எண்கள். 6, 12, 60 முதலியவை வகுபடும். இவை பகு எண்கள். ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்களை அதன் வகுத்திகள் என்க. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என வகுத்திகள் ஆறு. 12-இற்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் நான்கிற்கு மேல் வகுத்திகள் இல்லை. இங்ஙனம் தன்னினும் சிறிய எண்கள் யாவற்றினும் மிகுதியான வகுத்திகளை உடைய எண்ணை இராமாநுஜனார் தனியோர் இனமாக வகுத்து ஆராய்ந்தனர். தமிழில் அதனை மிகுபகு எண் எனலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720 என அவ்வரிசை தொடர்ந்து செல்லும்.

பகு என்னும் அடியினின்றே பகிர்தலும் பகுத்துண்ணலும் பிறந்தன. மிகுபகு எண்ணின் சிறப்பும் பகிர்தலிலேயே விளங்கும். 60 மாம்பழம் இருப்பின், இருவர்க்கும் மூவர்க்கும் நால்வர்க்கும் ஐவர்க்கும் அறுவர்க்கும் பதின்மர்க்கும் பன்னிருவர்க்கும் மிச்சமின்றிப் பங்கிடலாம். உலகத்தார் காலத்தையும் நிலத்தையும் காசையும் அளக்கப் புகுந்தபோது இவ்வெண்களையே நாடியது இதனாலன்றோ? நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாக வகுத்தனர். மேலைநாட்டார் 24 மணியாக வகுத்தனர். வட்டம் 360 பாகையாயிற்று. 1971-ஆம் ஆண்டுவரை ஆங்கிலப் பவுன் 240 பென்சாக இருந்தது. இவையாவும் மிகுபகு எண்களே. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தாம் கருதிய நகரின் குடிகள் 5040 ஆக இருத்தல் வேண்டும் எனச் 'சட்டங்கள்' என்னும் நூலில் வரையறுத்தார். 60 வகுத்திகளை உடைய அவ்வெண்ணும் இவ்வினத்ததே. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுவரை வழங்கிய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி, ஆகத் தம்படி 192. மூவர் ஒரு ரூபாயைப் பங்கிடின் ஆளுக்கு 5 அணா 4 தம்படி, மிச்சமில்லை. இந்நாளைய 100 காசை மூவர் பங்கிடின் ஆளுக்கு 33 காசு போக ஒரு காசு எஞ்சும். எண்ணின் இயல்பு சந்தையிலும் வந்து நிற்றலை இதனால் அறியலாம்.

அந்த அணாவும் தம்படியும் கொண்ட கணக்கேட்டின் முன்னர்தான் இராமாநுஜனாரும் அமர்ந்திருந்தார். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பகுதியில் எழுத்தராகச் சேர்ந்தார். திங்கட் சம்பளம் 30 ரூபாய். அதற்கு முன்னர்க் கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோல்வியுற்று, உதவிச் சம்பளத்தையும் இழந்து, வேலை தேடி அலைந்தவர் அவர். எம் வண்ணாரப்பேட்டைக்குத் தெற்கே ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலி வீதியில், அந்நாளில் அவர் குடியிருந்தனர். துறைமுகத்தில் சரக்குப் பொதிகளைச் சுற்றிவந்த தாள்களைத் தேடியெடுத்து அவற்றில் கணக்குப் போடுவார் என்பர். அலுவலகத்தில் அவர்க்கு மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் முன்னர்க் கணிதம் கற்பித்தவர். இருவரும் இரவில் கற்பலகைகளை மடிமேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் கணித ஆராய்ச்சி செய்வது வழக்கம். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியல் அறிஞர் எழுத்தரின் ஆற்றலை உணர்ந்து ஆதரவளித்தார். 1913 ஜனவரி 16-ஆம் நாள் ஹார்டிக்குக் கடிதம் சென்றது. அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்கள்தோறும் 75 ரூபாய் உதவிச் சம்பளம் அளித்தது. 1914 மார்ச்சு 17-ஆம் நாள், தாம் கணக்கெழுதிய அதே துறைமுகத்தினின்றும் நெவாசா என்னும் கப்பலேறி இங்கிலாந்து சென்றார்.

அடுத்த ஆண்டே, 1915-இல், மிகுபகு எண்களைப்பற்றிய அவரது பெருங்கட்டுரை இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் 60 பக்கங்களுக்கு மேலாக வெளிவந்தது. அதுவும் முழுமையன்று. அச்சிடுஞ் செலவைத் தாங்கச் சங்கத்திற்குப் பொருள் போதாமையால் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டு, 1997-ஆம் ஆண்டிலேயே அச்சேறிற்று. இக்கட்டுரையின் பொருட்டே 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவர்க்குப் பட்டம் வழங்கியது. தேர்வுகளில் தோற்றவர்க்குக் கிடைத்த முதற் பட்டம், எண்களைப் பகுத்த உழைப்பிற்குக் கிடைத்தது. கணித ஆராய்ச்சியின் பெருநீரோட்டத்தினின்றும் சற்று ஒதுங்கியதெனக் கூறிய ஹார்டியும், அதன்கண் விளங்கும் நுண்ணறிவைப் பெரிதும் போற்றினர்.

அக்கட்டுரையில் அவர் நிறுவிய விதிகளுட் சிலவற்றைக் காண்போம். மிகுபகு எண் எதனைப் பகா எண்களாகப் பிரிப்பினும் 2, 3, 5, 7 என இடையறாத வரிசையிலேயே அவை நிற்கும். நடுவே ஒன்றும் விடுபடாது. 2-இன் அடுக்கு 3-இன் அடுக்கினும் குறையாது. 3-இன் அடுக்கு 5-இன் அடுக்கினும் குறையாது. இவ்வாறே இறுதிவரை படிப்படியாக இறங்கும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும். 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு. இலக்கண நூலார் விதி கூறி உடனே புறனடையும் கூறுவது போன்ற அழகு இங்கும் உளது.

இப்பொழுது நம் பேரெண்ணைப் பகுத்துப் பார்ப்போம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரு முறை, 7 இரு முறை, 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை. இவற்றையெல்லாம் பெருக்கின் 6746328388800 வரும். வகுத்திகள் எத்துணை என அறிதற்கு ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்று கூட்டி, வந்தவற்றைப் பெருக்குதல் வேண்டும். 7, 5, 3, 3 ஆகியவற்றைப் பெருக்க 315. எஞ்சிய ஐந்து பகா எண்களுக்கு ஐந்து இரண்டுகள், அவற்றின் பெருக்கம் 32. 315-ஐ 32-ஆற் பெருக்க 10080. ஆகவே 10080 எண்கள் இப்பேரெண்ணை மிச்சமின்றி வகுக்கும். இதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்துணை வகுத்திகள் இல்லை. அவ்வளவோ? அந்த 10080-உம் தானே ஒரு மிகுபகு எண். அதற்கு வகுத்திகள் 72. இதனைத் தாளில் எழுதிப் பார்த்தறிந்த அன்று யாம் எய்திய உவகை, நல்லதொரு செய்யுளின் பொருள் விளங்கிய அன்று எய்திய உவகையினும் குறைந்ததன்று.

6746328388800 இராமாநுஜனார் கட்டுரையில் அமைந்த அட்டவணையின் இறுதி எண். 102 மிகுபகு எண்களை அவர் அதில் நிரல்பட வைத்தனர். இன்னோர் எண் இதனைவிடச் சிறிதாயிருந்து வகுத்திகளில் மிகவில்லை என ஒவ்வொன்றுக்கும் உறுதி கண்டாலன்றி அந்நிரல் அமையாது. கணிப்பொறி இல்லாத காலம். தாளும் எழுதுகோலும் கற்பலகையுமே கருவி. பிற்காலத்தார் அவ்வட்டவணையைச் சோதித்தபோது ஒரே ஓர் எண் விடுபட்டிருக்கக் கண்டனர். அது 293318625600, அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. அதனை 23-ஆற் பெருக்கின் அட்டவணையின் இறுதி எண்ணாகிய நம் பேரெண்ணே வரும்! அதன் வகுத்திகள் 5040. பிளேட்டோ தம் நகருக்கு வரையறுத்த அதே தொகை!

இவ்விடுபாட்டினால் அவர் நிறுவிய விதி எதற்கும் ஊனம் வந்திலது. அவர் புகழுக்கும் இழுக்கு வந்திலது. எமக்கோ அது பெருமையாகவே தோன்றுகின்றது. இயந்திரம் இங்ஙனம் விட்டுச் செல்லாது; வானினின்றும் வரமாக இறங்கிய அட்டவணையாயின் அதிலும் இடைவெளி இராது. ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக் கணக்கிட்டு எழுதிச் சென்ற மனிதக் கையே ஓரிடத்தில் தவறவிடும். நம் ஊரில் மூட்டை எண்ணும் கையும், கணக்கேடு எழுதும் கையும் எத்தகையனவோ அத்தகைய கையே அது. அந்த ஒரு வெற்றிடத்தில் இராமாநுஜனார் நமக்கு மிக அண்மையராகின்றார்.

ஈண்டு ஒன்று கூறவேண்டும். நாமக்கல்லில் எழுந்தருளிய நாமகிரித் தாயார் தமக்குக் கணித உண்மைகளை உணர்த்தியதாக அவர் நம்பினர். அவர்தம் பக்தியை இகழ்தல் எம் கருத்தன்று. கிறிஸ்தவராகிய யாமும் அறிவு இறைவன் கொடை என்றே கொள்கின்றோம். ஆயினும் நம் ஆண்டவர் அருளிய தாலந்து உவமையை நினைவு கூர்வோம். ஐந்து தாலந்து பெற்ற ஊழியன் சென்று வியாபாரம் செய்து வேறு ஐந்து ஈட்டினான்; ஒன்று பெற்றவன் நிலத்திற் புதைத்தான். தலைவன் இருவரையும் வினவியது கொடையின் அளவைப் பற்றியன்று. அதனைக்கொண்டு அவர் செய்தது யாது என்பதே. இராமாநுஜனார் பெற்ற கொடையைப்பற்றி நாம் ஓயாது பேசுகின்றோம்; அவர் செய்த வியாபாரத்தைப்பற்றி வாய் திறப்பதில்லை. ஒரு தாலந்து பெற்ற சிறுவன், "எனக்கு ஐந்து அளிக்கப்படவில்லையே" என்று அதனைப் புதைத்துவிடுதற்கு நம் புகழுரையே காரணமாகலாமோ?

இனி, எம் கருத்துக்கு மாறாக உரைப்பார் சிலர் உளர். 1729-இன் கதையே சிறுவர்க்குச் சுவையூட்டும். பதின்மூன்று இலக்கமுடைய எண் அச்சமே ஊட்டும் என்பர் ஒரு சாரார். சுவையூட்டுதல் வாயிலேயன்றி வீடன்று. வாயிலில் நிறுத்தி மீட்டனுப்புதலையே யாம் மறுக்கின்றோம். 12-க்கு வகுத்திகள் ஆறு எனக் காணும் சிறுவன் 24-க்கு எட்டு எனத் தானே காண்பான். 60-க்குப் பன்னிரண்டு எனக் கண்டபின் அவனை நிறுத்துதல் அரிது. கதையைக் கேட்கலாம், எண்ணைச் செய்யலாம். செய்ததே நெஞ்சில் நிற்கும்.

கணிப்பொறி ஒரு நொடியில் இவ்வட்டவணையைத் தரும். கையால் எழுதுவது வீண் என்பர் மற்றொரு சாரார். கணிப்பொறி விடையைத் தரும், பழக்கத்தைத் தாராது. அட்டவணையை எழுதிக்கொண்டு போகும்போதே பகா எண்கள் வரிசை தவறாமல் வந்து சேர்தலும், அடுக்குகள் படிப்படியாக இறங்குதலும் கண்ணிற் படும். ஏன் என்னும் வினா எழும். அவ்வினாவே கணிதம். 1944-இல் அலாவுக்லு, எர்டிஷ் என்னும் இருவர் இவ்வெண்களை மேலும் ஆராய்ந்தனர். அச்சேறாது நின்ற பகுதியோ இன்றும் தீராத ரீமன் கருதுகோளோடு தொடர்புடையது. விடைகளைப் பெற்றதோடு ஒருவரும் அமைந்திலர்.

தமிழ் கற்பார்க்கு இது எற்றுக்கு என்பர் மூன்றாஞ் சாரார். இவர்க்கே யாம் சற்று விரித்து விடை கூறவேண்டும். ஏனெனின் இவருட் பலர் எம் வகுப்புத் தோழர். "கணக்கு வாராதவர் தமிழுக்குப் போகலாம்" என்னும் சொல்லைக் கேளாது தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தவர் மிகச் சிலரே. அச்சொல் தமிழையும் தாழ்த்துவது; கணிதத்தையும் தாழ்த்துவது. திருவள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக ஒருங்கு வைத்தனர். நாமோ ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொரு கண்ணின் கூர்மையைப் பேசுகின்றோம். எம் பகுதியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் வண்டிகளைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டகத்தின் மேலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், இறுதியில் தனித்து ஓர் இலக்கம். அவ்விறுதி இலக்கம் முன்னுள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் கொண்டு கணக்கிட்டுப் பெறுவது. எழுதுவோன் ஓரிடத்திற் பிழைப்பின் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுக்கும். துறைமுகத்து இரும்புப் பெட்டியில் எண்ணும் எழுத்தும் ஒன்றையொன்று காத்து நிற்க, கல்லூரியில் மட்டும் அவை பகைத்து நிற்பானேன்?

மேலும், தமிழ்க் கணக்கு நூல்கள் தமிழ் மாணவரையன்றி வேறு யாரை நோக்கிக் காத்திருக்கும்? காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் தமிழ்ச் செய்யுளால் ஆகிய நூல். முந்திரி, அரைக்காணி, காணி, அரைமா, மா, மாகாணி, அரைக்கால் எனத் திண்ணைப் பள்ளிச் சிறுவர் வாய்பாடாகப் பயின்ற பின்னங்களை இன்று பொருளுணர்ந்து சொல்லத்தக்கார் அருகிவிட்டனர். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. 320-க்கு வகுத்திகள் 14. பாதியும் காலும் ஐந்திலொன்றும் பத்திலொன்றும் அதில் எளிதில் அமையும். ஆயின் 3 என்னும் பகா எண் அதனுள் இல்லை. ஆதலின் ஒன்றை மூவர்க்குப் பங்கிடப் புகுவார் முந்திரியோடு நிற்கவியலாது. முந்திரியிலும் 320-இல் ஒரு பங்காகிய கீழ்முந்திரிக்கு இறங்குவர். அங்கும் மிச்சம் எஞ்சும். காலத்தை அளக்க 60 நாழிகையைக் கொண்ட நம் முன்னோர் பின்னத்தில் 320-ஐ ஏன் கொண்டனர்? பாதியாக்கிச் செல்லும் வழக்கும் ஐந்தாகப் பங்கிடும் வழக்கும் அவர்தம் வயலிலும் களத்திலும் மிகுந்திருந்தனவோ? இவ்வினாவை எழுப்புதற்கு இலக்கியமும் வேண்டும், கணிதமும் வேண்டும். இரண்டனுள் ஒன்றை மட்டும் கற்றவர்க்கு இவ்வினாவே தோன்றாது.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. வருகின்ற டிசம்பர் 22-ஆம் நாள், நம் கல்லூரியில் மாலையும் மேடையும் இருக்கட்டும். அவற்றோடு ஒவ்வொரு மாணவரும் எத்துறையினராயினும் ஒரு தாளை எடுத்து 1 முதல் 120 வரையுள்ள எண்களின் வகுத்திகளைத் தம் கையால் எழுதி, மிகுபகு எண்களைத் தாமே கண்டெடுக்கட்டும். ஒரு மணி நேரம் போதும். இஃது ஒன்று. தமிழ்த்துறையாரும் கணிதத்துறையாரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து கணக்கதிகாரத்தை ஓராண்டு பயிலட்டும். பயின்றதை நல்ல தமிழில் எழுதி இம்மலரிலேயே வெளியிடட்டும். இஃது இரண்டாவது. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; மனமே வேண்டும்.

இவை இயலாதன அல்ல என்பதற்கு எம் பகுதியிலேயே சான்று உண்டு. ஜார்ஜ் டவுன் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியிற் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன் அவர்கள் இராமாநுஜனாரை நேரில் அறிந்தாரைத் தேடிச் சென்று, அவர் கடிதங்களையும் அறிந்தார் நினைவுகளையும் அரிதிற் சேர்த்து, 1968-ஆம் ஆண்டில் நூலாக வெளிப்படுத்தினர். இராயபுரத்துச் சோமுச் செட்டி வீதியில் 1993-இல் இராமாநுஜன் காட்சியகமும் கணிதக் கல்வி நிலையமும் அமைந்தபோது, அதற்கு உயிராய் நின்றவரும் அவரே. 2005-இல் மறையுங்காறும் சிறுவர் கணிதத்தைத் தம் கையாற் செய்து கற்கவேண்டும் என்பதையே அவர் வலியுறுத்தி வந்தனர். பெரும் பதவியும் பெருஞ்செல்வமும் இல்லாத பள்ளியாசிரியர் ஒருவரால் இவ்வளவு இயன்றதாயின், பேராசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் நிறைந்த ஒரு கல்லூரியால் இயலாதது யாது?

இராமாநுஜனார் 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராயினர். 1919-இல் தாயகம் மீண்டனர். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், 32-ஆம் வயதில் மறைந்தனர். நோயிற் கிடந்த இறுதித் திங்கள்களிலும் அவர் கை கணக்கிடுதலை விட்டிலது. உழைப்பினால் மட்டும் யாவரும் இராமாநுஜனாராகலாம் என யாம் கூறவில்லை. உழைப்பின்றி இராமாநுஜனாரும் இராமாநுஜனாராகியிரார் என்பதையே கூறுகின்றோம். துணி வெளுத்த தொழிலாளர் கையால் பெயர் பெற்றது எம் வண்ணாரப்பேட்டை. கையுழைப்பின் பெருமையை அவ்வூர்ச் சிறுவர்க்குப் புதிதாகச் சொல்லவேண்டுவதில்லை. தம் ஊருக்கு அருகே 30 ரூபாய்ச் சம்பளத்திற்குக் கணக்கெழுதிய ஒருவரும் அவ்வாறே உழைத்தார் என்பதை மட்டும் சொன்னாற் போதும். எண் அவர்க்கு நண்பராயிற்று. பழகுவோமாயின் நமக்கும் ஆகும். எண்ணும் எழுத்தும் ஆகிய இரு கண்களையும் திறந்து நோக்கும் ஆற்றலை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.